லைன் லீடர் குஞ்சம்மாவின் முதலாம் ஆண்டு

நாற்பத்தாறாவது வயதில் குஞ்சம்மா கல்லூரிக்கு மனுப் போட்டாள். அந்தச் செய்தியைக் கேட்டதும் அவள் கணவர் சேகரன் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்தது என்பது அவள் கட்சி. மூக்கு வழியாக அல்ல, காது வழியாக வந்தது என்பது சேகரன் கட்சி. இந்தக் கதை எனக்கு இருவரிடமிருந்தும் கிடைத்தது. அவர்கள் முரண்படும் இடங்களில் எது அழகாக இருக்கிறதோ அதையே எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் என் கைச்சரக்கும் உண்டு. எண்களில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

குஞ்சம்மா பிறந்தது மலாக்கா மாநிலத்தில், ஜாசின் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் ஒன்றில். இருபத்திரண்டு வயதில் ஆயர் குரோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள், அதே கட்டடத்துக்குள் இருபத்து நான்கு வருடம் இருந்தாள். அதில் கடைசிப் பதினைந்து வருடம் லைன் லீடர். நீளமான மேசை, அதன் இரு பக்கமும் இருபது நாற்காலி, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பெண். கட்டைவிரல் அளவு மின்சுற்றுப் பலகை ஒன்று ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு நகர்ந்துகொண்டே போகும். ஒரு நாற்காலி காலியாக இருந்தால் பலகைகள் அந்த இடத்தில் மலையாகக் குவிந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்து எண்ணுவது வழக்கம். யார் இல்லை, ஏன் இல்லை, யார் அங்கே உட்காரப் போகிறார்கள் என்பதெல்லாம் ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடும். வராதவளுக்குப் பத்து நிமிடத்துக்குள் போன் போகும். குஞ்சம்மாவின் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவள் அதை ஊதினால் மெர்லிமாவில் தூங்கிக்கொண்டிருக்கும் பேருந்து ஓட்டுநர் எழுந்து வண்டியை எடுத்துவிடுவார்.

ஒருநாள் தொழிற்சாலை இயந்திரங்களையெல்லாம் பெட்டியில் அடைத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கையில் இழப்பீட்டுப் பணத்தோடு வீட்டில் உட்கார்ந்த குஞ்சம்மா, இரண்டு மாதம் சேகரனையே எண்ணிக்கொண்டிருந்தாள். ஒருவர்தான் இருந்தார்; எண்ணிக்கை தினமும் சரியாக வந்தது. அதற்குமேல் தாங்க முடியாமல் சமூகக் கல்லூரியில் கேக், ரொட்டி செய்யும் சான்றிதழ்ப் படிப்புக்கு மனுப் போட்டாள். மேல் வயது வரம்பு அங்கே கேட்கப்படவில்லை. எந்தக் கல்லூரி என்று நான் சொல்லப்போவதில்லை. மலாக்கா மாநிலத்துக்குள் என்பது போதும்.

முதல் நாள் வாசலில் இருந்த காவலாளி, பெற்றோர் அமரும் வரிசையைக் காட்டினார். குஞ்சம்மா மறுக்கவில்லை. அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து, பெற்றோருக்குக் கொடுத்த அரிசிச் சேமியா மீஹூனைத் தட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டு, எழுந்து மாணவர் வரிசைக்குப் போய் அங்கே கொடுத்ததையும் சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்த ஒரு பையன், பெயர் புவனேஷ், பத்தொன்பது வயது, அவளிடம் மிக மரியாதையாக, “ஆன்ட்டி, உங்க பிள்ள எங்க?” என்று கேட்டிருக்கிறான்.

“நான்தான் பிள்ள. ஆன்ட்டி கீன்ட்டின்னு கூப்பிட்ட, மாவுல வச்சுப் பெசஞ்சிருவேன். அக்கான்னு கூப்பிடு.”

அன்றிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவள் அக்கா. மலாய்ப் பிள்ளைகளுக்குக் காக் குன்; மலாயில் காக் என்றால் அக்கா. சீனப் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பிரிவில் மொத்தம் இருபது பேர். மூன்றாவது வாரம் முடிவதற்குள் பதினெட்டாகிவிட்டது. போன இரண்டு பேரில் ஒரு பெண், கோலா சுங்கை பாருவில் மீன் பிடிக்கும் வீட்டுப் பிள்ளை. எட்டு நாளாக அந்த நாற்காலி காலி. வருகைப் பதிவில் ஒரு கோடு விழுந்ததைத் தவிர யாரும் ஒன்றும் செய்யவில்லை. குஞ்சம்மா சேகரனைக் கார் ஓட்டவைத்து அந்த வீட்டைத் தேடிப் போனாள். விஷயம் ஒன்றுமே இல்லை. ஒருநாள் பேருந்தைத் தவறவிட்டிருக்கிறாள். மறுநாள் போனால் திட்டுவார்கள் என்று பயந்து போகவில்லை. மூன்றாம் நாள், இரண்டு நாள் போகாததற்குக் கடிதம் வேண்டுமே என்று போகவில்லை. இப்படியே எட்டு. முதல் நாள் ஒருவர் போன் செய்திருந்தால் முடிந்திருக்கும். அதற்குள் அவள் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். திரும்பி வர மனமில்லை என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் குஞ்சம்மா வாயே திறக்கவில்லை. அவர்கள் கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி நடந்தது அன்று ஒருநாள்தான் என்று சேகரன் சாட்சி சொல்கிறார்.

மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு, மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் விசில் சத்தம் கேட்டது. பதினேழு பிள்ளைகளும் என்னவோ தீப்பிடித்துக்கொண்டது என்று ஓடி வந்தார்கள். குஞ்சம்மா அவர்களை நிற்கவைத்து எண்ணினாள். பிறகு மூன்று கேள்வி கேட்டாள். யார் இன்னும் வரவில்லை? யார் இன்னும் பசியாறவில்லை? யாரிடம் இன்னும் கொடுக்காத காகிதம் இருக்கிறது?

“அக்கா, இது காலேஜ் லா,” என்றான் புவனேஷ். “பேக்டரி இல்ல.”

“பேக்டரியில ஆளு வரலன்னா பத்து நிமிசத்துல தெரியும். இங்க எட்டு நாளாகியும் தெரியல. எது ஒசத்தி, நீயே சொல்லு.”

முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மூன்றாவது கேள்விதான் அவர்களை மாற்றியது. கொடுக்காத காகிதம் என்பது ஒவ்வொருவர் பையிலும் இருந்தது. உதவித்தொகை விண்ணப்பப் பாரம், மருத்துவச் சீட்டு, பாதி எழுதிய ஒப்படைப்பு. எங்கே கொடுப்பது என்று கேட்க வெட்கப்பட்டுப் பையிலேயே வைத்து மடித்து மடித்துத் துணிபோல ஆக்கியிருந்தார்கள். கேட்கத் தெரியாதவர்கள் பதினேழு பேர் ஒன்றாக நின்றபோது கேட்பது சுலபமாகிவிட்டது. மலாக்கா பட்டணத்தில் துணிக்கடை வைத்திருக்கும் ஜமீல் என்பவரின் மகள் லுத்ஃபியா, எல்லாருடைய தொலைபேசி எண்ணையும் வீட்டு எண்ணையும் ஒரே பட்டியலாக எழுதிவைத்தாள். ஆள் வராவிட்டால் பத்து நிமிடத்தில் லுத்ஃபியா போன் செய்வாள். எடுக்காவிட்டால் புவனேஷின் மோட்டார் சைக்கிள் புறப்படும். ஒருமுறை இப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பையனைக் குளியல் துண்டோடு பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவந்துவிட்டான். பையன் வழியெல்லாம் துண்டைப் பிடிப்பதா, புவனேஷைப் பிடிப்பதா என்று தவித்திருக்கிறான். நெடுஞ்சாலைச் சந்திப்பில் நூறு கார்கள் ஒலி எழுப்பின என்று கேள்வி. நான் ஐம்பது என்று குறைத்துக்கொள்ளத் தயார்.

ஐந்து வாரம் ஓடியது. ஒரு நாற்காலிகூடக் காலியாகவில்லை. குஞ்சம்மாவின் நடை மாறிவிட்டது. கணினிப் பாடத்தில் அவள்தான் கடைசி. வகுப்பிலேயே அவள் ஒருத்திக்குத்தான் கடவுச்சொல் வாரம் இருமுறை மறந்துபோகும். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பதினெட்டும் பதினெட்டாக இருக்கிறதே.

ஒன்பதாவது வாரம், திங்கட்கிழமை, திவ்யதர்ஷினியின் அப்பா இறந்துபோனார்.

திவ்யதர்ஷினி மெர்லிமாவைத் தாண்டி உள்ளே ஒரு தோட்டத்திலிருந்து வருபவள். அதிகம் பேசமாட்டாள், மாவு பிசையும்போது மட்டும் அவள் கையைப் பார்க்கப் பாடம் நடத்தும் செஃப்பே நின்றுவிடுவார். அப்பா தங்கையா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். முதல் மாதத்தில் அவர் மருத்துவமனையில் கிடந்தபோது திவ்யா சில நாள் வரவில்லை. அது குஞ்சம்மாவின் விசில் ஒலிக்கத் தொடங்குவதற்கு முன்னால். பிறகு தேறி வீட்டுக்கு வந்தார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஜமீலின் கடை வேனில் பிள்ளைகள் எல்லாரும் போனார்கள். வீட்டு வாசலில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. தங்கையாவுக்கு இரண்டும் பெண். கொள்ளிச்சட்டி யார் தூக்குவது? பெரியப்பா மகன் தூக்கட்டும் என்றார்கள் சிலர். திவ்யாவின் அம்மா தலையை நிமிர்த்தி, “அவரு பெத்தது ரெண்டும் இங்கதான் நிக்குது. வேற எவன் கையி எதுக்கு?” என்றாள். அதோடு வழக்கு முடிந்தது. மூத்தவள் திவ்யா சட்டியைத் தூக்கினாள். மூன்று சுற்று வந்தாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபின் அங்கிருந்த பெரியவர்கள், கொள்ளி வைத்தவர் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். திவ்யா குஞ்சம்மாவைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் ரொட்டிப் பட்டறை இருக்கிறதே என்று மெல்லக் கேட்டாள்.

“பதினாறு முடியிறவரைக்கும் நீ கேட்டத் தாண்டக்கூடாது,” என்றாள் குஞ்சம்மா, எல்லாருக்கும் கேட்கும்படியாக. “காலேஜ நான் பாத்துக்கிறேன்.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் அம்மா இறந்தபோது தொழிற்சாலை மூன்று நாள் விடுப்புக் கொடுத்தது. நான்காம் நாள் விடியற்காலை அவள் லைனில் நின்று மற்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பதினாறு நாள் கொடுக்கவில்லையே என்பது அவளை விட்டுப் போகவே இல்லை. இந்தப் பிள்ளைக்காவது முழுதாகக் கிடைக்கட்டும் என்று நினைத்தாள்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். பாடக் குறிப்பைப் படம் எடுத்து அனுப்பினாள். செஃப் மாவை மடிப்பதைக் காணொளி எடுத்து அனுப்பினாள். அதில் பாதி அவள் கட்டைவிரல். காலையில் யார் வரவில்லை என்ற கேள்வி வரும்போது லுத்ஃபியா, திவ்யாவுக்கு விடுப்புக் கடிதம் கொடுத்தாயிற்றா என்று ஒருமுறை கேட்டாள். திவ்யாவுக்குத் தான் பொறுப்பு, அவளைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று குஞ்சம்மா அடக்கிவிட்டாள். சாவு வீட்டுக்குக் கடிதம் எதற்கு? குஞ்சம்மா பிறந்த தோட்டத்தில் யார் செத்தாலும் பதினாறு நாள் என்பது தோட்டத்துக்கே தெரியும். வேலை வாங்கும் தண்டலிடம் யாரும் போய்ச் சொன்னதில்லை. தொழிற்சாலையில் இருபத்து நான்கு வருடம் அடுத்தவர் விடுப்பைக் கணக்கெடுத்தவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தோட்டத்துப் பிள்ளையாகவே இருந்துவிட்டாள்.

பதினாறாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை திவ்யா வந்தபோது அவளுக்காக ஒரு கடிதம் காத்திருந்தது. பட்டறை வகுப்பில் ஐந்து முறைக்குமேல் வராமல் இருந்தால் இறுதித் தேர்வில் உட்கார முடியாது. மருத்துவமனை நாட்களில் நான்கு, கருமாதி நாட்களில் ஐந்து. இறப்புக்குக் கல்லூரி கொடுக்கும் மூன்று நாள் விடுப்புக்குள் வந்த ஒரு வகுப்பைக் கழித்தாலும் எட்டு. தேர்வு எழுத முடியாது. பருவத்தை மறுபடி படிக்கலாம் என்றது கடிதம்.

மறுபடி படிப்பது என்பது அந்த வீட்டில் நடக்காது. மெர்லிமாவில் ஒரு பேரங்காடியில் காசாளர் வேலைக்குத் திவ்யாவின் மாமா ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். தேர்வு எழுதினால் அடுத்த பருவம். எழுதாவிட்டால் அடுத்த திங்களே பேரங்காடி. தாய்க்கும் மகளுக்கும் அதுதான் பேச்சு.

திவ்யா அழவில்லை. கடிதத்தைக் குஞ்சம்மாவிடம் நீட்டி, “அக்கா, இந்தச் சூராட்ல எங்க சைன் பண்ணணும்?” என்று கேட்டாள். மூன்றாவது கேள்விக்குக் கொண்டுவரும் மற்றக் காகிதங்களைப் போலவே. குஞ்சம்மா அதைக் கையில் வாங்கினாள். ஒருமுறை படித்தாள். எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நேரே துறைத் தலைவரின் அறைக்குப் போனாள்.

துறைத் தலைவர் புவான் ரொஹாயா குஞ்சம்மாவைவிட ஆறு வயது இளையவர். நல்ல மனுஷி, ஆனால் விதியென்றால் விதி. பதினாறு நாள் என்றால் என்ன, ஏன், கொள்ளி வைத்தவர் ஏன் வெளியே போகக்கூடாது என்பதையெல்லாம் குஞ்சம்மா மலாயில் விளக்க, அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்லி அனுமதி கொடுத்தது யார்?

“நான்தான்.”

“நீங்க யாரு?”

குஞ்சம்மா கொஞ்சம் யோசித்தாள். “முதலாம் வருச மாணவி,” என்றாள்.

புவான் ரொஹாயா சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து வேறொரு இடத்தில் வைத்தார். அது சிரிப்பை அடக்குவதற்கு அவர் கையாளும் வழி என்று பிறகு தெரிந்தது. விதியில் ஓர் இடம் இருக்கிறது என்றார். பதில் வகுப்பு நடத்தினால் அதை வருகையில் சேர்க்கலாம். தேர்வுக்கு முன் மூன்று சனிக்கிழமைதான் மிச்சம். திவ்யாவுக்குக் குறைவதும் மூன்று வகுப்பு. செஃப் வரச் சம்மதிப்பார். ஆனால் ஒருத்திக்காகப் பட்டறையைத் திறக்க முடியாது. பெரிய அடுப்புகளைப் பற்றவைக்க, அதே பிரிவு மாணவர்கள் குறைந்தது பன்னிரண்டு பேர் காலை எட்டேகாலுக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பதினொன்றாகிவிட்டாலும் அந்த வகுப்பு சேராது. திவ்யாவுக்குத் தேர்வும் கிடையாது.

பன்னிரண்டு என்றதும் குஞ்சம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சனிக்கிழமை வேலைக்குப் போகாத பிள்ளை அந்தப் பிரிவில் நான்கைந்துதான். கார் கழுவுமிடம், ஹோட்டல் சமையற்கட்டு, பேரங்காடி, மாமா கடை. அவர்கள் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் அந்த நாளை நம்பி இருந்தார்கள். தொழிற்சாலையாக இருந்தால் ‘சனிக்கிழமை ஓவர்டைம்’ என்று ஒரு விசில் போதும். இங்கே அவளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கழுத்தில் விசில் மட்டும்தான்.

வியாழன் காலை ஏழு நாற்பதுக்கு எல்லாரும் நின்றார்கள். முதல் இரண்டு கேள்வியும் முடிந்தது. மூன்றாவதைக் கேட்கவில்லை. பதினைந்து வருடம் லைன் லீடராக இருந்து ஒருநாளும் வாயால் சொல்லாத வார்த்தையை அவள் அன்று சொன்னாள்.

“தப்பு என்னோடது. லுத்ஃபியா கடுதாசி குடுத்தாச்சான்னு கேட்டா, நான் வாய அடைச்சிட்டேன். எங்கம்மாவுக்குச் செய்யாதத இந்தப் பிள்ளைய வச்சுச் செஞ்சுக்கிட்டேன். இப்ப அதுக்குப் பரீட்ச இல்லன்னு சொல்லிட்டாங்க.”

பிறகு பன்னிரண்டு பேர், மூன்று சனிக்கிழமை என்ற விவரத்தைத் தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை சொன்னாள். மலாயில் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

திவ்யாதான் முதலில், யாரும் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், தான் போய்விடுவதாக ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு,” என்றான் புவனேஷ். “அக்கா, எனக்குச் சனிக்கிழம கார் வாஷ்ல வேல லா. மொதலாளி தினேஷ்வரன் அண்ணன் கடிச்சிருவாரு.”

“தெரியும்டா. நான் ஒத்தர்கிட்டயும் ஆர்டர் போடல. முடிஞ்சவங்க வாங்க.”

“அப்படி இல்லக்கா.” லுத்ஃபியா தன் பட்டியலை எடுத்துவிட்டாள். “முடிஞ்சவங்கன்னா ஆறு பேருதான் வருவாங்க. யாரு யாருக்கு எத்தன மணிக்கு வேல, யாரு யாரோட சிப்ட் மாத்திக்க முடியும்னு பாக்கணும். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

குஞ்சம்மா தள்ளி நின்றாள். காவலாளி கூண்டின் பக்கத்தில் நின்றபடி பார்த்தாள். பதினேழு தலைகள் ஒரு காகிதத்தின் மேல் கவிழ்ந்திருந்தன. ஹோட்டலில் மாலை வேலை செய்பவள் காலை வேலைக்காரனோடு மாற்றிக்கொண்டாள். ஒரு சீனப் பையன் தன் தாத்தாவின் கடையைத் தன் தங்கை திறப்பாள் என்றான். துண்டோடு வந்த பையன் தன்னை அதிகாலையிலேயே போன் பண்ணி எழுப்பினால் வருவதாக எழுத்திலேயே கொடுத்தான். மணி எட்டாவதற்குள் மூன்று சனிக்கிழமைக்கும் பெயர்கள் எழுதியாகிவிட்டன. யாரும் அவளைக் கேட்கவில்லை. யாருக்கும் விசில் தேவைப்படவில்லை. குஞ்சம்மா கண்ணைத் துடைத்ததாகக் காவலாளி சொல்கிறார். தூசி என்பது அவள் கட்சி.

முதல் சனிக்கிழமை பதின்மூன்று பேர். சிரமமில்லாமல் முடிந்தது.

இரண்டாவது சனிக்கிழமை வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. ஜாசின் சாலையில் தண்ணீர். ஒரு மீன் சாலையைக் கடந்து போனதைப் பார்த்தவர் இருக்கிறார், அதன் கையில் குடை இருந்ததா என்பதில்தான் கருத்து வேறுபாடு. எட்டு மணிக்குப் பட்டறையில் பதினொரு பேர். எட்டு ஐந்துக்கும் பதினொன்று. எட்டுப் பத்துக்குப் புவான் ரொஹாயா கையில் பதிவேட்டோடு வந்து வாசலில் நின்றார். திவ்யா மாவுச் சல்லடையை எடுத்துக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். பட்டியலில் இருந்த ஒரு பிள்ளை தண்ணீருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாக லுத்ஃபியாவுக்குப் போன் வந்திருந்தது. அந்த நாள் பட்டியலில் புவனேஷ் பெயரே இல்லை. லுத்ஃபியா அவனுக்குப் போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை.

எட்டுப் பதினான்குக்கு மோட்டார் வந்து நின்ற சத்தம். தலை முதல் கால்வரை நனைந்து, கார் கழுவுமிடத்துச் சட்டையோடு புவனேஷ் உள்ளே வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். மழைநீர் சொட்டி அந்தப் பக்கம் முழுதும் மை பரவியது.

“போன எடுக்கலன்னா ஆளு வந்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம் லா,” என்றான் லுத்ஃபியாவிடம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, முதல் தட்டு அடுப்பில் வெந்துகொண்டிருந்தபோது, முதலாளி என்ன சொன்னார் என்று குஞ்சம்மா அவனிடம் கேட்டாள். அவரிடம் சொல்லிக்கொண்டு வரவில்லை என்றான். சொல்லி முடிக்குமுன் முதலாளியே வந்துவிட்டார். தினேஷ்வரன், வயிறு முன்னால் வர ஆள் பின்னால் வரும் உருவம். மழை நாளில் எவன் காரைக் கழுவ வருவான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வேலைக்காரன் சொல்லாமல் ஓடியதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கத்துவதற்காக வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து செஃப் முதல் அடுப்பைத் திறந்தார். தேங்காய்ப்பால் பன்னின் வாசனை பட்டறையை நிறைத்தது. தினேஷ்வரனின் வாய் திறந்தபடியே நின்றது. கதையை லுத்ஃபியா இரண்டே வரியில் அவருக்குச் சொன்னாள். தங்கையா என்ற பெயரைக் கேட்டதும் அவர் திரும்பி, லாரி ஓட்டிய தங்கையாவா என்றார். மெர்லிமாவ் பக்கத்தில் அந்த லாரியைத் தெரியாதவர் கிடையாது. போகும்போது அவர் கையில் ஆறு பன். புவனேஷின் வேலை அப்படியே இருந்தது. அடுத்த சனிக்கிழமை மதியத்துக்குமேல் வந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது சனிக்கிழமை பன்னிரண்டு பேர் பட்டியலில் இருந்தார்கள். வந்தது பதினெட்டு. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: ஹோட்டலில் இன்று வேலை குறைவு, கடை மூடல், வீட்டில் தண்ணீர் இல்லை. பதினெட்டு பேர் வந்ததால் செஃப் திட்டத்தை மாற்றினார். பன்னிரண்டு இழை பின்னி எடுக்கும் பெரிய ரொட்டி ஒன்றைச் செய்யலாம் என்றார். அதற்கு நிறையக் கைகள் வேண்டும். யார் முன்னால் நின்று பின்னுவது என்று கேட்கவே இல்லை. திவ்யா மேசைத் தலைப்பில் நின்றாள். மற்றவர்கள் இழைகளை உருட்டி அவளுக்கு நகர்த்தினார்கள். அந்த ரொட்டி அடுப்புக்குள் போகாமல் கதவைக் கழற்ற வேண்டிவந்தது என்று எழுத எனக்கு மிகுந்த ஆசை. குறுக்காகச் சாய்த்துத்தான் வைத்தார்கள். இதை மட்டும் உண்மையாகவே சொல்லிவிடுகிறேன்.

தேர்வு எழுதத் தகுதி பெற்றவர்களின் பட்டியல் திங்கட்கிழமை ஒட்டப்பட்டது. பதினெட்டுப் பெயர். செய்முறைத் தேர்வில் திவ்யாவுக்குத்தான் பிரிவிலேயே முதல் மதிப்பெண். கணினியில் குஞ்சம்மா ஒரே ஒரு மதிப்பெண்ணில் தப்பினாள். கடவுச்சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனது விதிமீறலா என்று நான் புவான் ரொஹாயாவிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

இரண்டாம் பருவமும் போனது. அதற்குள் கல்லூரியில் ஒரு காகிதம் கூடியிருந்தது. புதிதாகச் சேருபவர்களிடம் முதல் வாரத்திலேயே, உங்கள் வீட்டில் இறப்பு நேர்ந்தால் எத்தனை நாள் வழக்கம், பதில் வகுப்பு வேண்டுமா என்று புவான் ரொஹாயா கேட்டு வாங்கிவிடுகிறார். தமிழ்ப் பிள்ளைகள் பதினாறு என்று எழுதினால் இப்போது அவர் ஏன் என்று கேட்பதில்லை.

முதலாம் ஆண்டுத் தேர்வு முடிவு வந்த நாளே இரண்டாம் ஆண்டுக்குப் பதியும் நாளும். அந்தத் துறையில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர்கூட இரண்டாம் ஆண்டுக்கு வராத வருடங்கள் இருந்திருக்கின்றன. அன்று பதிவு மேசையில் பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். கடைசிப் பெயரை எழுதி முடித்த புவான் ரொஹாயா பேனாவை வேறொரு இடத்தில் வைத்துப் பார்த்தார். பயன்படவில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் பிள்ளைகள் பட்டறையிலிருந்து ரொட்டித் தட்டு ஏற்றும் தள்ளுவண்டியை இழுத்துவந்து, குஞ்சம்மாவைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தார்கள். அவள் இறக்கிவிடச் சொல்லிக் கத்தினாள். பிறகு வேகமாகத் தள்ளச் சொல்லிக் கத்தினாள். கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி வண்டி ஓடியது. காவலாளி தடியோடு ஓடிவந்தவர், நடுவழியில் மனம் மாறிப் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினார்.

இரண்டாவது சுற்றில் திவ்யாவின் கைப்பேசி ஒலித்தது. மெர்லிமாவிலிருந்து அம்மா. ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே மறு கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

“எல்லாரும் பாஸ்மா,” என்றாள்.

மறுமுனையில் அம்மா எதையோ கேட்டாள்.

“நானுந்தான்,” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் தள்ளினாள்.